நின்ற வண்டியில் விழுந்த இடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் வாங்கி வரலாம் என்று பையும் சாவியுமாகக் கீழே இறங்கினேன். என் வண்டியின் இடது பக்க முன்கதவு உள்ளே போயிருந்தது. பிசைந்து வைத்த மாவை உள்ளங்கையால் அமுக்கினால் எப்படிப் பள்ளம் விழும், அப்படி ஒரே அமுக்கு. கைப்பிடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன், கதவு அசைந்துகொடுக்கவில்லை. வலது பக்கமாக உள்ளே ஏறி, எட்டிக் காலால் உதைத்தும் பார்த்தேன். ம்ஹும்.

செம்பூரில் எங்கள் கட்டடம் பழையது. வண்டிகளைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்துவோம். என் வண்டிக்கு வலது பக்கம் சுவர், நான் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் இடைவெளி. இடது பக்கம் பொது வழி. தண்ணீர் டேங்கர், சிலிண்டர் வண்டி, வீடு மாற்றுகிறவர்களின் டெம்போ எல்லாம் அந்த வழியாகத்தான் வந்து போகும். எது வேண்டுமானாலும் இடித்திருக்கலாம். வாட்ச்மேனைக் கேட்டேன். தன் டியூட்டியில் ஒன்றுமே நடக்கவில்லை என்றார். அடுத்த டியூட்டிக்காரரும் அதையேதான் சொன்னார். கேமரா இருக்கிறது. ஆனால் ஒரு தடவை தண்ணீர் மோட்டார் திருட்டுப் போனதிலிருந்து அது பம்ப் ரூமைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

மேலே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"எங்க கொண்டு போயி இடிச்ச?"

கதவைப் பார்த்தபோது வந்த கோபத்தைவிட இந்த ஒரு கேள்விக்கு வந்த கோபம் பெரிது. எப்படி இடிபட்டது என்று கேட்கவில்லை. யார் இடித்தார்கள் என்று கேட்கவில்லை. இடித்தது நான்தான் என்று முடிவு செய்துவிட்டு, இடத்தை மட்டும் கேட்கிறார்.

"நான் எங்கயும் இடிக்கல. நிறுத்தி வச்சிருந்த வண்டி" என்றேன்.

"நிறுத்தி வச்ச வண்டி தானா உள்ள போவுமா?"

"தானா போவாது. எவனோ இடிச்சிட்டுப் போயிருக்கான்."

"வெள்ளிக்கெழம முலுண்ட் போயிட்டு வந்தல்லா? அங்கன எவனாவது தட்டியிருப்பான். ஒனக்குத் தெரிஞ்சிருக்காது."

"கதவு உள்ள போற அளவுக்குத் தட்டுனா எனக்குத் தெரியாதா? என்ன பேச்சு பேசுதீய?"

"ஏ.சி.யப் போட்டு, பாட்டப் போட்டு ஓட்டுனா எங்குட்டுத் தெரியும்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முலுண்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தியவள் நான்தான். சனிக்கிழமை முழுக்கத் தலைவலி, படியிறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கதவு இப்படி இருக்கிறது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? ஆனால் என் வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை. அல்லது அப்படித்தான் அன்று நினைத்தேன்.

நான் தாராவியில் பிறந்து, அங்கேயே முனிசிபல் பள்ளியில் தமிழ் படித்து, கல்யாணமாகி செம்பூருக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போய்வந்தேன். என் முதுகில் இடிக்காத முழங்கை இந்த ஊரில் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல், ஒரு நாள், இனிமேல் உட்கார்ந்து போகப் போகிறேன் என்று முடிவு செய்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முட்டி வலி, டாக்டர் சொன்னார் என்றெல்லாம் காரணம் சொல்லியிருந்தால் வீட்டில் பாவம் என்று விட்டிருப்பார்கள். எனக்குக் காரணம் கிடையாது. ஓட்ட ஆசையாக இருந்தது, கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வாங்கி, என் சேமிப்பில் ஒரு பழைய சின்ன வண்டியையும் வாங்கினேன். கடற்கழிக்கு மேலே போகும் கிரீக் பாலத்தில் ஜன்னலை இறக்கிவிட்டுப் போகும்போது முகத்தில் அடிக்கிற அந்தச் சேற்று நாற்றக் காற்றுகூட எனக்குப் பிடிக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, ஆசையும் இல்லை. பணிக்காலம் முழுவதும் ஃபைலில் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி, எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ரிட்டயர் ஆனவர். நான் வண்டி வாங்கியதிலிருந்து அவர் கட்டடத்து ஆட்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "இப்பத்தான் பழகுதா" என்பார். பழகி முடித்து எத்தனையோ நாளாகிவிட்டது. அவர் வாயில் நான் இன்னும் பழகிக்கொண்டேதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் பார்த்தால் கதவோரம் ஆணியில் தொங்கும் சாவியைக் காணோம். அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

"கிளெய்ம் முடியட்டும். அதுக்கப்புறம் பாப்போம்" என்றார்.

அவர் என்ன பார்க்கப் போகிறார் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. பால்கனியில் நின்று, நெருளில் இருக்கும் தன் சித்தப்பா மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். வண்டியைச் சரி செய்து கொடுத்துவிடலாம், அவன் மகன் ஐரோலியில் வேலைக்குப் போய்வர வசதியாக இருக்கும், இவளுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது, இப்போதே இடித்துவிட்டாள். சமையலறையில் நின்று முழுவதையும் கேட்டேன். என் வண்டி. என் பெயரில் இருக்கிற வண்டி. நான் இடித்தேன் என்பது மட்டும் உறுதியாகிவிட்டால் போதும், அதை என் கையிலிருந்து வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். அப்போதே முடிவு செய்துகொண்டேன். இடித்தேன் என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. கழுத்தில் கத்தியை வைத்தாலும் வராது.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தாராவியில் எங்கள் பழைய அண்டை வீட்டுக்காரரின் மகன். முப்பது வயதிருக்கும், நல்ல பையன், கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. தமிழ் பேசுவான், இந்தியைத் தூவித் தூவி. படிக்கத்தான் தெரியாது. எனக்கு அது நினைவில்லை. கதவைப் படம் எடுத்து, அதோடு ஒரு செய்தியும் நல்ல தமிழில் தட்டி அனுப்பினேன். 'நிறுத்தி வைத்திருந்த வண்டியில் பலமான இடி. யார் என்று தெரியவில்லை.'

கொஞ்ச நேரத்தில் அவனே போன் செய்தான். குரலில் ஒரு பதற்றம்.

"ஆண்டி, நீங்க எல்லாம் சேஃப்தானே? பில்டிங்ல கரன்ட் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"நோ டென்ஷன் ஆண்டி. பாலிசில கவர் ஆவுது. நான் ஃபார்ம் போட்டாச்சு. பிந்தாஸ் இருங்க."

எவ்வளவு சுறுசுறுப்பான பையன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இரண்டொரு நாள் கழித்து, சர்வேயர் வந்து வண்டியைப் பார்ப்பார் என்று சொல்ல வீட்டுக்கு வந்தவன், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரைப் பார்த்தான். வண்டியின் கூரையைத் தடவிப் பார்த்தான்.

"ஆண்டி, எங்கயுமே கருப்பா இல்லியே?"

"எதுக்குக் கருப்பா இருக்கணும்?"

"பிஜ்லி விழுந்தா கருகணும்ல?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. என் தமிழைப் படிக்கத் தெரியாமல் போனிலேயே மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறான். போனுக்குத் தெரிந்த இடி வானத்து இடி ஒன்றுதான். நின்ற வண்டியில் பலத்த இடி விழுந்ததாக அது சொல்ல, இவன் ஃபார்மில் சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மின்னல் என்று போட்டு அனுப்பிவிட்டான். செம்பூரில் மார்ச் மாதம். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

சிரித்தேன். வெகு நேரம் சிரித்தேன். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். பிறகு, ஒன்றுமே ஆகாதது போலச் சொன்னான்.

"ஒண்ணும் இல்ல ஆண்டி. சேஞ்ச் பண்ணிடலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பில்லர்ல டச் ஆயிடுச்சுன்னு போட்டா கேஸ் கதம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு ரிவர்ஸ் எடுத்தா?"

"நீங்கதான். சும்மா எழுதறதுக்கு ஆண்டி. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. பார்க்கிங்ல யாரோ இடிச்சிட்டுப் போனாங்கன்னா நூறு கேள்வி வரும். யாரு, எப்ப, நம்பர் என்ன, சாட்சி யாரு. நானே இடிச்சேன்னா ஒரு கேள்வி இல்ல."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தான நானும் சொல்லுதேன்" என்றார். "ஒரு கையெழுத்து. ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

"கொறஞ்சு போவும்" என்றேன். "இடிக்காதவள இடிச்சான்னு எழுதுனா எனக்குக் கொறஞ்சுதான் போவும்."

"ஆண்டி, பேப்பர்ல மட்டும்தான்..."

"பேப்பர்ல எழுதுனதத்தான்டே எல்லாரும் காட்டுவாங்க. தெரியலன்னு எழுது. யாருன்னு தெரியல. எப்படின்னு தெரியல. நான் இடிக்கலங்கிறது மட்டும் தெரியும்."

"தெரியலன்னு எழுத அதுல எடமே இல்ல ஆண்டி" என்று கெஞ்சினான். இடமில்லை என்றால் ஓரத்தில் எழுது என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்துவிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு முழுக்க அந்தத் தூணைச் சுற்றித்தான். சாப்பிடும்போது தூண், டிவி பார்க்கும்போது தூண். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறது, உனக்கு மட்டும் என்ன வீம்பு என்றார் என் வீட்டுக்காரர். முலுண்டிலிருந்து தங்கை போன் செய்து, "எக்கா, போட்டுத் தொலையேன், இதுல என்ன இருக்கு" என்றாள். தனியாக ஒருத்தி மட்டும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது. எனக்கும் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் காலை கீழே போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, வெள்ளிக்கிழமை வந்த வழியை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முலுண்ட் செக்நாக்கா, ஹைவே, சிக்னல், செம்பூர்த் திருப்பம், கேட். எங்காவது ஒரு சத்தம்? ஒரு குலுக்கல்? நிறுத்திவிட்டு இறங்கி அந்தப் பக்கமாக நடந்து வந்தேனா, கதவைப் பார்த்தேனா? பார்த்ததாகவும் தோன்றியது, பார்க்காததாகவும் தோன்றியது. அழுகை வந்துவிட்டது. கதவுக்காக இல்லை. என் கையையும் காலையும் நானே நம்பாமல் போகிற இடத்துக்கு என்னைத் தள்ளிவிட்டார்களே என்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை, நான் இடிக்கவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சர்வேயர் வந்தார். மராட்டிக்காரர், கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போனில் ஃபார்மைப் பார்த்தபடியே காம்பவுண்டுக்குள் நுழைந்தார். ஏஜென்டும் நானும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தோம். அவர் ஒரு முறை கதவைப் பார்த்தார், ஒரு முறை வானத்தைப் பார்த்தார்.

மின்னலா, என்று இந்தியில் கேட்டார்.

அது தவறுதலாக விழுந்துவிட்டது சார், உண்மையில் மேடம் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் பட்டுவிட்டது, என்று ஏஜென்ட் ஒரே மூச்சில் சொன்னான்.

எந்தத் தூண், என்றார் சர்வேயர்.

நாங்கள் எல்லோருமே சுற்றிப் பார்த்தோம். எங்கள் கட்டடத்தில் தூணே கிடையாது. புதிய கட்டடங்களில்தான் கீழே தூண் நிறுத்தி வண்டி விடுகிறார்கள், எங்களுடையது தரையிலிருந்தே வீடுகளாகக் கட்டியது. இத்தனை நாளும் வீட்டில் அந்தத் தூணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம், அது இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் உள்பட.

தூணும் இல்லை, மின்னலும் இல்லை, நான் இடிக்கவும் இல்லை, நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போனார்கள், என்றேன் நான், எனக்குத் தெரிந்த இந்தியில்.

சர்வேயருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கதவுக்கு மூன்று கதையா, இப்படியே எழுதினால் மோசடி என்றுதான் போட வேண்டியிருக்கும், என்றார்.

மோசடி என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எந்தக் காகிதத்திலும் மாட்டாத மனிதர். அவருக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஏஜென்ட் பக்கம் பாய்ந்தார்.

"ஏன்டே, மின்னலாம், கின்னலாம்! கேக்கவன் கேணப்பயலா இருந்தா என்ன வேணாலும் எழுதுவியா? சனிக்கெழம மழையா பெஞ்சிச்சு? காலம்பற நான்தான கதவத் தொறந்து எலுமிச்சங்கா கட்டுனேன். ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது, கதவு ஜம்முனு தொறந்துச்சு..."

அப்படியே நிறுத்தினார். நிறுத்தியும் பிரயோசனமில்லை. வந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் ஒருவர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரத்தை வீதி வீதியாக விற்றுக்கொண்டு வருவார். பம்பாயில் முக்கால்வாசி வண்டிகளின் முகத்தில் அது தொங்கும், கண்ணேறு படாமலிருக்க. என் வண்டியில் அதெல்லாம் கூடாது என்று வாங்கிய அன்றே சொல்லிவிட்டேன். ஆகையால் இந்த மனிதர், நான் எழுந்திருப்பதற்கு முன், ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய், இடது பக்கக் கதவைத் திறந்து, முன் சீட்டுக்கு அடியில் எனக்குத் தெரியாமல் கட்டிவிட்டு வந்திருக்கிறார். வாரா வாரம்.

சர்வேயருக்காகத் திறந்து வைத்திருந்த வலது கதவு வழியாக நான் ஏறிக் குனிந்து, இடது சீட்டின் அடியில் கையை விட்டேன். கம்பியில் நூலோடு கிடந்தது. வெளியே எடுத்தேன். எலுமிச்சை வாடத் தொடங்கியிருந்தது, மிளகாய் சுருங்கியிருந்தது.

சர்வேயர் அதைக் கண்டதுமே, சனிக்கிழமைச் சரம், என்றார். தமிழ் தெரியாதவர்தான். ஆனால் பம்பாய்க்காரர்.

"சனிக்கெழம காலைல இந்தக் கதவு தொறந்துச்சு" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "அதுக்கப்புறம் நான் வண்டியத் தொடவே இல்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மொத நாள்லேருந்தே தெரிஞ்சிருக்கு."

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ வண்டிய எடுத்துட்டுப் போனா திரும்பி வார வரைக்கும் எனக்கு உசிரே இல்ல, ஏளா. வித்துட்டா நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன்."

பொய்யில்லை என்று தெரிந்தது. என் மேல் உள்ள பயம் இல்லை அது, எனக்கான பயம். நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்தது. இளகினால் என்ன? இளகியதற்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா?

"ஒங்க பயத்துக்கு நான் எதுக்குப் பொய்க் கையெழுத்துப் போடணும்?" என்றேன். "நானே என்னச் சந்தேகப்பட்டு இங்க நின்னு அழுதேன். அப்ப நீங்க மேல உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்தீய."

அவர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டார்.

"இப்ப எங்கிட்டச் சொன்னத அவர்ட்ட இந்தியில சொல்லுங்க."

"அதான் சரத்தப் பாத்துட்டாரே..."

"சரம் பேசாது. நீங்க பேசுங்க."

ஏஜென்ட் கேட்டைப் பார்த்துக்கொண்டான். வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆபீஸில் பெரிய அதிகாரி முன்னால் நிற்பதுபோல் நின்று, இந்தியில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சனிக்கிழமை காலை இந்தக் கதவை நான் திறந்தேன், நன்றாக இருந்தது. அதன் பிறகு வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. என் மனைவி இடிக்கவில்லை.

வேறு எவரோ இடித்தது, வண்டி நின்றிருந்தபோது, என்று சர்வேயர் போனில் பதிந்துகொண்டார். கிளெய்ம் வருமா என்று கேட்டேன். எழுதி அனுப்புகிறேன், வந்தாலும் வரும், வராமலும் போகும், என்றார். போகட்டும். நான் கேட்டது அந்த வாக்கியத்தைத்தான்.

அவர் கிளம்பியதும் என் வீட்டுக்காரர் முன்னால் கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தார். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஊர் பாய் ஒருவரிடம் கதவைக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். வண்டியைக் கிளப்பினேன். அவர் தயங்கித் தயங்கி இடது பக்கம் வந்து, தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நானும் வாரேன்" என்றார்.

"அந்தக் கதவு தொறக்காது" என்றேன். "பின்னால ஏறுங்க. இந்த எலுமிச்சங்காய மடியில வச்சுக்கிடுங்க."

ஏறிக்கொண்டார். எலுமிச்சையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாராவி வரைக்கும் வந்தார். இப்போது யாராவது கதவைக் காட்டி என்ன ஆயிற்று என்று கேட்டால், நான் வாயைத் திறக்க மாட்டேன், பக்கத்தில் நிற்கும் அவரைப் பார்ப்பேன். அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறார்.